வெங்காயக் கறுப்பும் கம்ப்யூட்டர் செம்பும்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெங்காயம் உரிக்கும் டியூட்டி. (கல்யாணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆகாதவர்கள் பொறுத்திருக்கவும்.) மேல் தோலை நீக்கினதும் உள்ளே கரித்தூள் தூவின மாதிரி ஒரே கறுப்பு.

"ஐயே, பூசணம் பூத்திருக்கு! பார்த்து வாங்கிட்டு வரத் தெரியாதா?" என்றாள் மனைவி.

"இதைச் சாதாரணமா நினைக்காதே. கம்ப்யூட்டர்ல இருக்கிற செம்பையே கரைக்கிற ஆசாமி இவன்" என்றேன்.

"அப்ப நல்லாக் கழுவிட்டு நறுக்குங்க" என்றாள்.

அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். வெங்காயத்தில் அடிக்கடி கறுப்பாகப் படிகிற அந்தப் பூஞ்சணத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். நைஜர் என்றால் லத்தீன் மொழியில் கறுப்பு. பிகாம் படித்தவனுக்கு இந்தப் பெயரெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு தொலைந்த ஹார்ட் டிஸ்க்தான் காரணம்.

2013-ம் வருஷம். நான் அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். ஸ்டோர் ரூமில் நாற்பது பழைய கம்ப்யூட்டர்கள், தொந்தி வைத்த மானிட்டர்கள், உயிர் போன யுபிஎஸ் எல்லாம் தூசி படிந்து கிடந்தன. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொன்றின் மதிப்பும் தேய்ந்து தேய்ந்து ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டிருந்தது. "வித்துத் தொலைங்கப்பா, இடமாவது காலியாகும்" என்றார் மேனேஜர். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்ததை யாரும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கிலோ கணக்கில் பேசி, ஒரு காயலான் கடைக்காரரின் குட்டி யானையில் அத்தனையும் ஏறிப் போயின. கேஷ் அக்கவுண்ட் டெபிட், ஸ்கிராப் சேல்ஸ் கிரெடிட். வவுச்சர் போட்டது நான். பைசா சுத்தமாக டாலி ஆயிற்று.

இத்தனைக்கும், இந்த மாதிரிச் சரக்கைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் சேர்க்க வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2012 மே மாதமே அமலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் அதை யாரும் படித்ததில்லை. நானும்தான்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் வியர்த்துக் கொட்ட ஓடி வந்தார். அதில் ஒரு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லையாம். எல்லோருடைய சம்பள விவரமும் அதில்! (தன் சம்பளம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவர் கவலை என்பது என் அபிப்பிராயம்.) "நீதானே வவுச்சர் போட்டே, நீயே போய்த் தேடு" என்று அனுப்பிவிட்டார். காயலான் கடைக்காரர், சரக்கைத் தான் கைமாற்றிவிட்டதாகச் சொல்லி இன்னொரு இடத்துக்கு வழி சொன்னார். அங்கே கேட்டு, அதற்கப்புறம் இன்னொரு இடம். கடைசியில் ஊருக்கு வெளியே, லாரிகள் மட்டும் போய்வரும் ஒரு சாலையோரம், தகரக் கொட்டகை.

வாசலிலேயே கண் எரிந்தது. உள்ளே நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் டிரம்கள். ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, சர்க்யூட் போர்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை டிரம்மில் போட்டுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். பழுப்பு நிறத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தான், அவ்வளவுதான் பாதுகாப்பு. விரல்கள் எல்லாம் மஞ்சள்.

"என்னப்பா, மருதாணியா?" என்றேன், தமாஷாகப் பேசுவதாக நினைத்து.

"ஆசிட்டு சார். கழுவினாப் போகாது. தோலு உரிஞ்சு புதுத்தோலு வந்தாத்தான் போகும்" என்றான்.

அவன்தான் எனக்குத் தொழில் நுணுக்கம் சொன்னான். டிரம்மில் இருந்தது நைட்ரிக் ஆசிட். போர்டில் இருக்கிற செம்பு, நிக்கல் மாதிரி மட்ட உலோகங்களை எல்லாம் அது கரைத்துவிடும். தங்கத்தைத் தொடாது. ரேக்கு ரேக்காகத் தங்கம் மிஞ்சும். அதை வடிகட்டி உருக்கினால் முடிந்தது. கரைந்த செம்பு? கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளம் காட்டினான். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், மயில் கழுத்து நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு புல் பூண்டு கிடையாது.

ஹார்ட் டிஸ்க் கிடைக்கவில்லை. சுத்தியலால் உடைத்திருந்தார்கள். ஆனால் மூலையில் அம்பாரமாகக் கிடந்த டப்பாக்களில் ஒன்றில் 'சிபியூ 17' என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. ஸ்டாக் எடுக்கும்போது நான் எழுதியது. அந்தப் பழுப்புப் புகைக்கு என் வவுச்சரில் எந்தப் பக்கமும் என்ட்ரி இல்லை.

அதற்கப்புறம்தான் 'ஆசிட்டுக்கு மாற்றே கிடையாதா' என்று கண்டதையும் படிக்க ஆரம்பித்தேன். அப்படி வந்து மாட்டினவன்தான் இந்த வெங்காயக் கறுப்பன்.

முதலில் ஒரு விஷயம். பூஞ்சணம் இரும்பையும் செம்பையும் தின்பதில்லை. அதற்கு வேண்டியது சர்க்கரை. சர்க்கரையைத் தின்றுவிட்டு, ஏப்பம் விடுகிற மாதிரி அமிலங்களை வெளியே தள்ளுகிறது. சிட்ரிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம், குளுகோனிக் அமிலம் என்று வகைவகையாக. சிட்ரிக் அமிலம் நமக்குப் பழைய சிநேகிதம், எலுமிச்சம்பழத்தின் புளிப்பு. 1784-ல் ஷீலே என்ற ரசாயன நிபுணர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அப்புறம் ரொம்ப காலம் உலகம் பெரும்பாலும் இத்தாலிக்காரர்களின் எலுமிச்சையை நம்பித்தான் இருந்தது. 1917-ல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், அஸ்பெர்ஜில்லஸ் நைஜருக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் அது சிட்ரிக் அமிலத்தை அள்ளிக் கொடுக்கும் என்று காட்டினார். 1919-லேயே ஃபைசர் கம்பெனி அதைத் தொழிலாக ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு உலகத்துச் சிட்ரிக் அமிலத்தில் பெரும்பகுதி இந்தப் பூஞ்சணத்தின் உபயம்தான். சந்தேகமிருந்தால் ஆபீஸ் கேன்டீனில் புளிப்பு மிட்டாய் பாக்கெட்டையோ ஜூஸ் பாக்கெட்டையோ திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் '330' என்று ஒரு நம்பர் இருந்தால், அது சார்தான். அமிலம் மட்டும்தான் வருகிறது, பூஞ்சணம் வராது, பயப்படாமல் குடியுங்கள்.

அமிலம் உலோகத்தைக் கரைக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அது என்னவாம்? புளியின் அமிலம் மேலே படிந்த செம்புக் களிம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது என்று பாட்டி சொன்னதும் இதே சங்கதிதான். சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கரைத்த உலோகத்தை நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி கவ்விக்கொள்ளும், மறுபடி படிய விடாது. இதற்கு கீலேஷன் என்று பெயர். கிரேக்க மொழியில் கொடுக்கு என்கிற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது.

இந்தப் புளி வைத்தியத்தைக் கம்ப்யூட்டருக்குச் செய்து பார்த்தவர்கள், ஸ்விட்சர்லாந்தில் சூரிச் பல்கலைக்கழகத்து ஹெல்முட் பிராண்டலும் சகாக்களும். 2001-ல் அவர்களுடைய கட்டுரை வந்தது. அஸ்பெர்ஜில்லஸ் நைஜர், அதன் பங்காளி பெனிசிலியம் சிம்ப்ளிசிசிமம், கூடவே கந்தகத்தையும் இரும்பையும் வைத்துப் பிழைப்பு நடத்துகிற இரண்டு பாக்டீரியாக்கள். நாலு பேருக்கும் தூளாக்கின எலெக்ட்ரானிக் குப்பையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சணங்கள் இரண்டும் செம்பிலும் தகரத்திலும் 65 சதவீதத்தைக் கரைத்தன. அலுமினியம், நிக்கல், ஈயம், துத்தநாகம் எல்லாம் 95 சதவீதத்துக்கு மேல்! பாக்டீரியாவும் லேசுப்பட்டதில்லை. கொஞ்சமாகத் தூள் போட்டபோது செம்பில் 90 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. ஆனால் அதனிடம் ஈயம் கரைந்து நிற்காமல் அடியில் படிந்துவிட்டது. ஈய விஷயத்தில் நம் வெங்காயக்காரன்தான் ஜெயித்தான்.

இதைப் படித்துவிட்டு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பிகாம் புத்தி விடுமா? காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராமுக்கு மேல் தூள் போட்டால் பூஞ்சணம் வளராமல் முடங்கிவிடுகிறது. போர்டில் இருக்கிற உலோகங்கள் அதற்கும் விஷம்தானே. லிட்டருக்கு 10 கிராம் என்றால் ஒரு கிலோ தூளுக்கு 100 லிட்டர். ஒரு டன்னுக்கு ஒரு லட்சம் லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் எட்டுத் தண்ணி லாரிக்கும் மேல்! பெண் பார்க்கப் போனால்கூட 'உங்க வீட்ல தண்ணி வசதி எப்படி?' என்று கேட்கிற ஊரில் யார் கொடுப்பார்கள்?

சூரிச்காரர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள், புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுக் காரம் பழகுவது போல. ரொம்ப நாள் பழகினபிறகு லிட்டருக்கு 100 கிராம் வரை தாங்கி வளர்ந்தது. எட்டு லாரி ஒரு லாரியாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு யோசனையும் சொன்னார்கள். பூஞ்சணத்தைத் தனியாக வளர்த்து அமிலம் சுரக்க வைத்துவிட்டு, அப்புறம் குப்பைத்தூளை அதனிடம் கொண்டுபோவது. சமையல் ஒரு அறை, சாப்பாடு ஒரு அறை. பூஞ்சணம் விஷத்தில் கிடந்து வளர வேண்டியதில்லை.

அடுத்த இடி, தங்கம். அமெரிக்க நிலவியல் துறை 2006-ல் போட்ட ஒரு கணக்குப்படி, பத்து லட்சம் செல்போன்களில் 16 டன் செம்பு, 350 கிலோ வெள்ளி, 34 கிலோ தங்கம். அதாவது ஒரு போனுக்குச் செம்பு 16 கிராம், தங்கம் 34 மில்லிகிராம். அந்தத் துளித் தங்கத்தின் விலை செம்பைப் போலப் பல மடங்கு. தகரக் கொட்டகையில் எல்லோரும் புகையைக் குடிப்பது அதற்காகத்தான். அந்தத் தங்கத்தை எலுமிச்சைப் புளிப்பால் கரைக்க முடியாது. நைட்ரிக் ஆசிட்டாலேயே முடியாதபோது இது எம்மாத்திரம்!

ஆனால் ஒரு நிமிஷம். அந்தப் பையன் நைட்ரிக் ஆசிட்டை வைத்துச் செய்தது என்ன? மட்ட உலோகத்தைக் கரைத்துவிட்டுத் தங்கத்தை மிச்சம் வைத்தான். பூஞ்சணமும் அதையேதான் செய்கிறது, பழுப்புப் புகை இல்லாமல். தங்கத்தைத் தொடாதது இங்கே குறையே இல்லை. மிஞ்சின தங்கத்தைச் சுத்தம் செய்ய வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். சயனைடு சுரக்கிற குரோமோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை வைத்துத் தங்கத்தைக் கரைக்கவும் முயன்றிருக்கிறார்கள். சயனைடு என்றதும் எனக்குத் துப்பறியும் கதை ஞாபகம் வந்துவிடுவதால் அதற்குள் நான் போகவில்லை.

ஃபின்லாந்தில் விடிடி என்கிற ஆராய்ச்சி நிறுவனம் 2014-ல் வேறு கோணத்தில் வந்தது. தங்கத்தைக் கரைத்த திரவத்தில், காளானின் நூலிழைகளால் ஆன பாயை வடிகட்டியாக வைத்தார்கள். தங்கத்தில் 80 சதவீதம் வரை அந்த இழைகளில் ஒட்டிக்கொண்டது. செம்பு 10, 20 சதவீதம்தான் ஒட்டியது. காளானுக்கும் தங்கத்தின்மேல்தான் ஆசை, நம்ம ஊர்க் கல்யாண வீடு மாதிரி. 2019-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாடிங்டன் பகுதி மண்ணில், ஒரு பூஞ்சணம் தங்கத்தைக் கரைத்துத் தன் இழைகளிலேயே பூசிக்கொண்டதை அந்நாட்டு விஞ்ஞானிகள் கண்டார்கள். அது ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்கிற இனம். நம் வாழைத்தோட்டத்து விவசாயிகளுக்கு அந்த இனம் வாடல் நோயாகத்தான் பழக்கம். இவ்வளவு நாள் திட்டினவர்கள் கொஞ்சம் மரியாதையாகத் திட்டலாம்.

இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்தது பேட்டரிதான். செல்போன் பேட்டரியில் லித்தியமும் கோபால்ட்டும் இருக்கின்றன. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கன்னிங்ஹாம், வேலரி ஹார்வுட் இருவரின் குழு 2016-ல் ஒரு முடிவை வெளியிட்டது. நம் கறுப்பனோடு இரண்டு பெனிசிலியம் வகைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று பெனிசிலியம் கிரிசோஜீனம், பென்சிலின் மருந்துக்குப் பேர்போன குடும்பம். பழைய பேட்டரியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கேதோடைத் தூளாக்கி, இவை சுரக்கிற ஆக்ஸாலிக், சிட்ரிக் அமிலங்களில் ஊறவைத்தால் லித்தியம் 85 சதவீதம் வரை, கோபால்ட் 48 சதவீதம் வரை வெளியே வந்துவிட்டது. இதில் வேடிக்கை, யோசனையைக் கிளப்பினது பேராசிரியர் இல்லை, ஒரு மாணவர். உலைக்கழிவிலிருந்து உலோகம் எடுப்பதில் அனுபவம் உள்ளவராம். ஜூனியர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார் மேலதிகாரி! நம் ஆபீஸ்களில் பூஞ்சணத்தைவிட அபூர்வம்.

உடனே கடைக்கு ஓடிவிடாதீர்கள். வெளியே வந்த லித்தியமும் கோபால்ட்டும் அந்தப் புளிப்புத் தண்ணீரில்தான் கரைந்து கிடந்தன. தண்ணீரிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது அடுத்த வேலை என்று அவர்களே அன்றைக்குச் சொன்னார்கள். ரசம் வைத்தாயிற்று, அதிலிருந்து மறுபடி தக்காளியை வெளியே எடு என்கிற மாதிரி.

குப்பைக்கோ பஞ்சமில்லை. 2022-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சேர்ந்த எலெக்ட்ரானிக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. மிச்சத்தில் ஒரு பகுதி குப்பைமேட்டில், ஒரு பகுதி தகரக் கொட்டகையில், ஒரு பகுதி நம் வீட்டு மேஜை டிராயரில். (எங்கள் டிராயரில் மூன்று. 'அதுல கொழந்தையோட போட்டோ இருக்கு' என்று மனைவி விட மாட்டேன் என்கிறாள். அது ஆன் ஆகி ஆறு வருஷமாகிறது.) அந்தக் குப்பையில் தங்கம் இருப்பது நிஜம். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பான்காரர்கள் 2017 ஏப்ரலிலிருந்து இரண்டு வருஷம் பழைய சாமான் சேர்த்தார்கள். செல்போன் மட்டும் 62 லட்சம். அதிலிருந்தெல்லாம் 32 கிலோ தங்கம் எடுத்து, சுமார் 5,000 மெடல்களையும் பழைய சாமானிலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

அந்த மஞ்சள் விரல் பையனைப் போன வருஷம் மறுபடி பார்த்தேன். நான் ஏறின ஷேர் ஆட்டோவின் டிரைவர்! எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஹார்ட் டிஸ்க் சார்தானே நீங்க?" என்றான். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டானாம். தம்பி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறான். விரல்கள் இப்போது சாதாரண நிறத்தில் இருந்தன. இருமல் மட்டும் இன்னும் விடவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பூஞ்சணக் கதையை அவனுக்குச் சொன்னேன். வெங்காயம், சர்க்கரை, சூரிச் எல்லாம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து அக்கறையாகக் கேட்டான்.

"எத்தினி நாளு சார் ஆகும் அது?"

"வளர்றதுக்கு ஒரு வாரம், கரைக்கிறதுக்கு வாரக்கணக்கு. ரெண்டு மூணு வாரம்னு வச்சுக்கயேன்."

சிரித்தான். "ஆசிட்டு சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடும் சார். சனிக்கெழம கூலி குடுக்கணுமே. மொதலாளி பூசணத்துக்கிட்ட போயா கையேந்துவாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டோ கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவனே மறுபடி கேட்டான்.

"ஆனா சார், அதுக்குப் பொகை இல்ல, மூக்குல கட்டிக்க எதுவும் வேணாம், அப்படித்தானே?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. அந்தக் கறுப்புப் பொடி முழுக்கப் பூஞ்சணத்தின் வித்துகள். காதுக்குள் வளர்ந்தால் காது டாக்டரிடம் ஓட வேண்டும். நெஞ்சு பலவீனமானவர்கள் சுவாசிப்பதும் நல்லதில்லை. மூடின தொட்டியில் வளர்த்தால் கவலையில்லை. திறந்த டிரம்மில் என்றால்...

"மாஸ்க் வேணும்ப்பா" என்றேன்.

"அப்ப அதுக்கும் தரமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினான்.